சில்லருக்கு வேட்டி கட்டிய கதை

உங்களை ஒன்று கேட்கலாமா? நீங்கள் எப்போதாவது ஓர் இயந்திரத்துக்கு வேட்டி கட்டிவிட்டிருக்கிறீர்களா?

நான் கட்டிவிட்டேன். மஞ்சள் பட்டு வேட்டி. இரண்டு விரல் அகலச் சரிகை. சும்மா சுற்றிவிடவில்லை... கொசுவம் வைத்து, முன்பக்கம் விசிறி மாதிரி விரித்து, இடுப்பில் கயிறு கட்டி, அது அவிழ்ந்துவிடுமோ என்று இன்னொரு கயிறும் கட்டி.

போன வாரம் ஆயுத பூசை அன்று நடந்தது இது.

என் மனைவி திலகா, ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தோசை மாவு அரைத்து விற்கிறாள் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அந்த மாவை வைக்க ஒரு சில்லர், அதாவது கடைகளில் நிற்கும் பெரிய குளிர்பெட்டி, வாங்கினோம். மூடிப்போன சாப்பாட்டுக் கடையில் இருந்து வந்த செகண்ட் ஹேண்ட். ஆறடி உயரம், இரும்புக் கதவு இரண்டு, அடியில் கம்பி வலை போட்ட ஒரு பெட்டி. நின்றால் ஒரு நல்ல ஆகிருதியான மனிதர் சுவரோரம் நிற்பது போலவே இருக்கும். வேட்டி கட்டிவிடலாம் என்ற எண்ணம் அதனால்கூட வந்திருக்கலாம்.

இந்த வருஷம் திலகாவுக்கு முதல் முறையாக வெளியே இருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஒரு தமிழ்ப் பாலர் பள்ளி. விஜயதசமி காலையில் பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து அரிசியில் எழுத்து எழுத வைப்பார்கள் அல்லவா, அது முடிந்ததும் பசியாறத் தோசை. பெற்றவர்கள், தாத்தா, பாட்டி என்று கூட்டம் சேரும். பத்து வாளி மாவு வேண்டும்.

ஆர்டர் கொடுக்க வந்த தலைமை ஆசிரியை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அக்கா, மாவு புளிக்கக் கூடாது. போன வருஷம் ஒரு இடத்துல எடுத்தோம். பிள்ளைங்க ஒரு வாய் வச்சிட்டு அப்படியே தட்டுல துப்பிடுச்சுங்க. நல்ல நாளும் அதுவுமா எல்லாம் அழுகை. இந்த வருஷம் உங்களை நம்பித்தான்."

"புளிக்காது டீச்சர்" என்றாள் திலகா.

அந்த வார்த்தையை அவள் சொன்ன நிமிஷத்தில் இருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் நன்றாகத் தூங்கினாள். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை இப்படித்தான்... வாக்குக் கொடுப்பது அவள், பயப்படுவது நான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூசை. அன்றைக்கு வேலை செய்கிற சாமான்களுக்கெல்லாம் ஓய்வு. பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகுதான் கையால் தொடலாம். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் திலகா வைத்ததுதான் சட்டம். கத்தி, தராசு, கரண்டி, என் பேனா, என் நோட்டுப் புத்தகம் எல்லாம் சாமிமேடைக்குப் போய்விட்டன. கிரைண்டர் அவ்வளவு தூரம் ஏறாது என்பதால் அது இருக்கும் இடத்திலேயே பொட்டும் பூவும் வைத்தாகிவிட்டது.

ஆகையால் பூசைக்கு முந்தின நாளே மாவை அரைத்து, புளிக்க விடாமல் உடனே சில்லரில் ஏற்றிவிட வேண்டும். பூசை அன்று ராத்திரி எட்டு மணிக்கு வெளியே எடுத்தால், விடியும்போது பதமாகப் பொங்கி நிற்கும். இடையில் சில்லருக்கு ஏதாவது ஆனால்? மாவு பகலிலேயே பொங்கிவிடும். மறுநாள் காலையில் வாயில் வைக்க முடியாது. மறுபடி அரைக்கலாமா? கிரைண்டர் சாமியிடம்.

எல்லாம் ஓய்வில் இருக்க, சில்லர் மட்டும் அன்றைக்கும் உழைத்தாக வேண்டும். இது என் மனத்தை உறுத்தியது. பூசை நாளில் ஓர் இயந்திரத்தை வேலை வாங்குகிறோமே, கோபித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டால்? சமாதானமாக அதற்குக் கூடுதல் மரியாதை செய்துவிடலாம் என்று நினைத்தேன். தங்கை மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி அலமாரியில் இருந்தது.

காலை பத்து மணிக்குப் பூசை. அடியில் இருந்த கம்பி வலை மேலேயே குழைத்த சந்தனத்தைப் பட்டை பட்டையாகப் பூசினேன். குங்குமம் வைத்தேன். கதவு திறக்க இடம் விட்டு, அதற்குக் கீழே வேட்டியைக் கட்டினேன். இரண்டு பக்கமும் குட்டி வாழைக்கன்று. முன்னால் ஒரு சாம்பல் பூசணி. திலகா மேலே மாலை போட்டாள். தூரத்தில் நின்று பார்த்தால்... மாப்பிள்ளைதான்.

அதோடு விட்டேனா?

எதற்கும் இருக்கட்டும் என்று குளிர் டயலை மூன்றில் இருந்து ஏழுக்குத் திருப்பினேன். பூசைக்குச் செய்த சர்க்கரைப் பொங்கல் கெட்டுவிடக் கூடாதே என்று, அடுப்பில் இருந்து இறக்கிய பானையை அப்படியே உள்ளே வைத்தேன். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, வாளிகள் குளிர்ச்சியாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் கவிதாவுக்கு மத்தியான போன். தினம் மூன்று போன் அவளுக்கு. காலையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாயா, மத்தியானம் சாப்பிட்டாயா, சாயங்காலம் கதவைப் பூட்டினாயா.

"சாப்பிட்டேன்பா. பூட்டவும் பூட்டிடுவேன்பா. சாயங்காலத்துக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்" என்றாள்.

இரண்டரை மணி இருக்கும். சத்தம் இல்லாததைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். பின்பக்கத்தில் எப்போதும் ஒரு முனகல் இருக்கும். அது இல்லை.

ஓடினேன். சில்லர் நின்றிருந்தது. வேட்டி கட்டிக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, மூச்சுப் பேச்சு இல்லாமல்.

பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் துருத்திக்கொண்டிருந்தது. அழுத்தினேன். உறுமியது. உயிர் வந்தது எனக்கு. இரண்டு நிமிஷத்தில் 'டொக்' என்று நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி நின்றது. நான்கு தடவை. நான்காவது தடவை அது உறுமிய விதத்தைக் கேட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

"என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே திலகா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சில்லரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"டீச்சருக்கு இப்பவே சொல்லிடலாமா?" என்றாள் மெதுவாக. "நான்தான் புளிக்காதுன்னு சொன்னேன்."

நான் ரேவதிக்குப் போன் செய்தேன்.

ரேவதி பின் வரிசை வீட்டில் இருக்கிறாள். புக்கிட் தெங்காவில், குளிர் கிடங்குகளைப் பழுது பார்க்கும் வேலை. முப்பது வயதைத் தாண்டியவள். இந்தச் சில்லரை எங்களுக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"அண்ணே, வர்றேன். ஆனா ஒண்ணு. என் டூல் பேக் சாமிகிட்ட இருக்கு. கேஜ், ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் பொட்டு வச்சாச்சு. நாளைக்குக் காலையிலதான் எடுப்பேன்."

"அப்புறம் எப்படிம்மா பார்ப்பே?"

"கை என்கிட்டதானே இருக்கு. அதை யாரும் பூசையில வைக்கலையே."

ஐந்து நிமிஷத்தில் வந்தாள். மாலைப் பூசைக்குத் தயாராகிப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. வாசலில் நின்று சில்லரை ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"யாரு அண்ணே இவரு? பொண்ணு பார்க்க வந்திருக்காரா?"

திலகாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

ரேவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சில்லர் முன்னால் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தாள். விழுந்து கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்.

"அண்ணே, கும்பிட்டது போதும். வேட்டியை அவுங்க."

"சாமிக்குக் கட்டினதும்மா..."

"இவருக்கு மூச்சே இந்த வலை வழியாத்தான். நீங்க பட்டுத் துணியால மூக்கைப் பொத்தி, ரெண்டு பக்கமும் வாழை மரத்தை நட்டு, முன்னால பூசணிக்காயும் வச்சிருக்கீங்க. போதாக்குறைக்கு மூக்குத் துவாரத்துல சந்தனம். கொலைலா இது."

இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். வேட்டியை எடுத்ததும் உள்ளே இருந்து குப்பென்று ஓர் அனல் வந்து என் முழங்காலில் அடித்தது. அடுப்பை ஊதும்போது வருமே, அது மாதிரி. ஐஸ் பெட்டிக்குள் இவ்வளவு சூடா?

"நெருப்புப் பிடிச்சிடுச்சாம்மா?"

"இல்லண்ணே. இது உங்க மாவோட சூடு."

மாவுக்கு ஏது சூடு? குனிந்து வலை வழியாக எட்டிப் பார்த்தேன்.

கம்பி வலையைக் கழற்ற வேண்டும். நான்கு ஸ்குரூ. ஸ்குரூ டிரைவர் சாமிமேடையில். ரேவதி பர்ஸில் இருந்து இருபது காசு நாணயம் ஒன்றை எடுத்து, திலகாவிடம் நீட்டினாள்.

"அக்கா, காசு ஆயுதமா?"

திலகா யோசித்தாள். "காசு லட்சுமி. இன்னைக்குச் சரஸ்வதிக்குத்தான் நாள். நீ திருப்பு."

நாணயத்தை ஸ்குரூவின் பள்ளத்தில் வைத்துத் திருகினாள். வலை கழன்று வந்தது. உள்ளே மெல்லிய தகடுகள் சீப்பு மாதிரி நெருக்கமாக நின்றன. இடுக்கெல்லாம் என் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதைச் சுரண்டப் பழைய டூத் பிரஷ் வேண்டும் என்றாள். மறுபடி வழக்கு திலகாவிடம் போனது.

"பல்லு விளக்கறதெல்லாம் ஆயுதத்துல சேராது" என்று தீர்ப்பு வந்தது.

ஆக, என் வீட்டுச் சில்லருக்கு அன்று நடந்த ஆப்பரேஷனில் பயன்பட்ட கருவிகள்: ஓர் இருபது காசு, ஒரு டூத் பிரஷ், ஒரு ஜாடித் தண்ணீர். பிளக்கை முதலில் பிடுங்கச் சொன்னாள் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால், நீங்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கரண்டு ஓடும்போதே தண்ணீர் ஊற்றிவிடுவீர்களோ என்று எனக்குத் தூக்கம் வராது.

தேய்த்துக்கொண்டே பேசினாள் ரேவதி.

"அண்ணே, குளிருன்னு ஒண்ணை எந்த மெசினும் செய்யறதில்ல. உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய கொண்டாந்து கொட்டும். அவ்வளவுதான் அதோட வேலை. சூட்டை அழிக்க முடியாது. இடம்தான் மாத்தலாம்."

"எப்படிம்மா எடுக்கும்? சூடு என்ன வாளியா, தூக்கிட்டு வர்றதுக்கு?"

"கொசு மருந்து டப்பா இருக்குல்ல. புஸ்ஸுன்னு ரொம்ப நேரம் அடிச்சா டப்பா என்னா ஆகும்?"

"கை சில்லுன்னு போகும்."

"ஏன்? உள்ள பிரஷர்ல அடைஞ்சு தண்ணியாக் கிடந்தது. மூக்கைத் திறந்ததும் பிரஷர் இறங்குது. பிரஷர் இறங்கினா அது கொதிச்சு ஆவியாயிடும். கொதிக்கச் சூடு வேணும்ல? அடுப்பு இல்ல. அதனால உங்க கையில இருந்து உறிஞ்சிக்குது. இந்த மெசின் உள்ளயும் அதே கதைதான். அங்க பிரஷர் கம்மி. மைனஸ் பத்துலயே குழாய்ல ஓடற கேஸு கொதிக்கும். உங்க மாவுகிட்ட இருந்துதான் சூட்டை வாங்கிக் கொதிக்குது."

கொதிப்பது என்றால் சுடுவது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பனிக்கட்டியைவிடக் குளிரில் ஒன்று கொதிக்கிறதாம். என் வீட்டில். என் மாவுக்குப் பக்கத்தில்.

"சரி, வாங்கிடுச்சு. வாங்கினதை இங்க எப்படிக் கொட்டும்? வெளியவே முப்பத்து மூணு டிகிரி வெயில் கொளுத்துதே."

ரேவதி தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்தக் கேள்வியை என் கூட வேலை பார்க்கறவங்களே கேட்க மாட்டாங்கண்ணே."

இரண்டாம் படிவத்தில், பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வாத்தியாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. எனக்கு அந்த நிமிஷம் மாவுகூட மறந்துவிட்டது.

"சூடு எப்பவும் கூட இருக்கற இடத்துல இருந்து கம்மியா இருக்கற இடத்துக்குத்தான் போகும். அதனால கேஸை வெயிலை விடச் சூடா ஆக்கணும். அதுக்குத்தான் கம்ப்ரசர். புடிச்சு நசுக்கும். நசுக்கினா பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினா சூடும் ஏறும். நாப்பத்தஞ்சு, அம்பது ஆயிடும். இப்ப அதுக்கு முன்னால நம்ம வெயிலு குளிர்ச்சிதானே? இந்தத் தகடு வழியா ஃபேன் காத்தடிச்சு, சூட்டை வெளிய தள்ளிடும். கேஸு ஆறி மறுபடி தண்ணியாகும். மறுபடி உள்ள போகும். சுத்திக்கிட்டே இருக்கும்."

"நான் வேட்டியைக் கட்டினதும்...?"

"காத்து இல்ல. சூடு போக வழி இல்ல. உள்ள இருந்து மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. பிரஷர் ஏறுது, ஏறுது... ஒரு அளவுக்கு மேல போனா வெடிச்சிடக் கூடாதுன்னு ஒரு சுவிட்ச் வச்சிருக்கான். அதுதான் உங்க சிவப்பு பட்டன். போதும், நான் நிக்கறேன்னு அது கையைத் தூக்குது. நீங்க எத்தனை தடவை அழுத்தினீங்க?"

"ஒரு... ரெண்டு."

"நாலு" என்றாள் திலகா.

"கம்ப்ரசர் நல்ல மனுசன். வேற யாராவதா இருந்தா செத்திருப்பாரு."

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளக் கை துடித்தது. பேனா சாமிமேடையில். நோட்டுப் புத்தகமும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் எழுதியதை ஒரு புள்ளி விடாமல் நோட்டில் ஏற்றுவேன். அழகான கையெழுத்து. மண்டையில் ஒன்றும் ஏறாது. அன்றைக்கு எழுத வழி இல்லாமல் போனதால்... வேறு வழியில்லாமல் புரிந்துகொண்டேன்.

தகடுகள் சுத்தமாகிக் காய்ந்தன. கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கம்ப்ரசர் ஆறட்டும் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு பிளக்கைப் போட்டு, சிவப்புப் பட்டனை ஒரே தடவை அழுத்தினாள்.

உறுமியது. நான் மனதுக்குள் எண்ணினேன். இரண்டு நிமிஷம். மூன்று. ஐந்து. நிற்கவில்லை. ரேவதி ஒரு தடித்த குழாயின் மேல் விரலை வைத்தாள். "குளிர ஆரம்பிச்சிடுச்சு." இன்னொரு மெல்லிய குழாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினாள், தொடாமல். "இது சுடுது. நீங்க தொடாதீங்க. ஒண்ணு குளிரணும், ஒண்ணு சுடணும். ரெண்டும் சரியா இருக்கு. நாளைக்குக் கேஜ் போட்டுப் பார்த்துடறேன்."

கம்பி வலை முன்னால் என் கையை வைக்கச் சொன்னாள். வெதுவெதுப்பான காற்று தடையில்லாமல் வந்தது. பத்து வாளி மாவின் சூடு என் விரல்களுக்கு இடையில் ஓடி வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. அசடு.

"சரி அக்கா, உள்ள பார்ப்போம்" என்று கதவைத் திறந்தாள் ரேவதி. திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இந்தப் பானை என்னா?"

"சர்க்கரைப் பொங்கல்" என்றேன். "கெட்டுடக் கூடாதுன்னு..."

"சுடச்சுடவா வச்சீங்க?"

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"டயலு ஏழுல நிக்குதே?"

"சீக்கிரம் குளிரட்டும்னு."

"டயலைத் திருப்பினா சீக்கிரம் குளிராதுண்ணே. எங்க வந்து நிக்கணும்னுதான் அது சொல்லும், எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்லாது. கதவை எத்தனை தடவை திறந்தீங்க?"

"அதை மட்டும் கேக்காதம்மா" என்றாள் திலகா. "இவரு திறந்த வேகத்துல கதவுக்கே சளி பிடிச்சிருக்கும்."

பானை வெளியே வந்தது. டயல் மூன்றுக்குப் போனது. ரேவதி ஒவ்வொரு வாளியாகத் தொட்டுப் பார்த்தாள். நானும் திலகாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பொங்கல் பானைக்குப் பக்கத்துல இருக்கற வாளி மட்டும் லேசா ஏறியிருக்கு. மத்தது பரவால்ல. ஒரு கரண்டி மாவை வெளிய வச்சா அஞ்சு நிமிஷத்துல சூடேறிடும். ஒரு வாளி மாவுக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அதை ஏத்தறதுக்கு நிறையச் சூடு வேணும். மாவு நிறைய இருந்ததால தப்பிச்சீங்க." கதவைச் சாத்தினாள். "இப்ப மணி மூணே முக்கால். எட்டு மணி வரைக்கும் இந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. அண்ணே, முக்கியமா நீங்க."

"ஒரே ஒரு தடவை... ஆறு மணிக்கு?"

"நீங்க திறக்கறப்ப உள்ள போறது யாரு தெரியுமா? நம்ம ஜெலுத்தோங் வெயிலு. அதைப் பிடிச்சு மறுபடி வெளிய தள்ள இவரு பாடுபடணும்."

கூலி வாங்கமாட்டேன் என்றாள். கருவியைத் தொடாததால் அது வேலையில் சேராதாம். பொங்கலை மட்டும் டப்பாவில் கட்டித் தாப்பாவ் பண்ணித் தரச் சொன்னாள். டப்பாவை வாங்கிக்கொண்டு, மல்லிகையைச் சரி செய்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அன்றைய உண்மையான சோதனை தொடங்கியது. நான்கேகால் மணி நேரம். இரும்புக் கதவு. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிகூடக் கிடையாது.

நான்கரைக்கு ஏதோ எடுக்கப் போவது போலப் பின்பக்கம் போனேன். திலகா நாற்காலியைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னா வேணும்?"

"தண்ணி."

"தண்ணி அடுப்படியில."

ஐந்தே காலுக்குப் போனேன். "இப்ப?" என்றாள். சத்தம் வருகிறதா என்று கேட்க வந்தேன் என்றேன். "வருது. போங்க." ஆறு மணிக்குக் கம்பி வலை முன்னால் கையை மட்டும் வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. காற்று வெதுவெதுப்பாகவே வந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. ஒன்றைத் திறந்து பார்க்காமலேயே அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

யோசித்துப் பார்த்தேன். அக்கறை என்று நினைத்துத்தான் நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கதவைத் திறந்தேன். உள்ளே போனது என் அக்கறையா? வெயில்தான் போனது. வேட்டியும் அக்கறைதான். பொங்கல் பானையும் அக்கறைதான். ஓர் இயந்திரத்தை இவ்வளவு அன்போடு கொல்லப் பார்த்தவன் இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன்.

வேறு எந்தெந்தக் கதவை நான் இப்படித் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்? சாயங்காலம் கவிதாவுக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

எட்டு மணி. திலகா எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். "நீங்களே திறங்க" என்றாள்.

திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. ஒரு வாளியின் மூடியைத் தூக்கினேன். மாவு அரைத்து வைத்த அளவிலேயே, அமைதியாக, ஒரு குமிழ்கூட இல்லாமல் கிடந்தது. பொங்கல் பானைக்குப் பக்கத்து வாளியில் மட்டும் நாலைந்து குமிழ். "இது நமக்கு" என்று திலகா அதைத் தனியாக எடுத்து வைத்தாள். கூடுதலாக ஒரு வாளி அரைத்து வைத்திருந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சேர்த்துப் பயப்படுவேனாம்.

விஜயதசமி காலை. பாலர் பள்ளி வாசலில் தோசைக்கல் போட்டோம். உள்ளே பிள்ளைகள் அரிசியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை, ஒரு பிள்ளை அரிசியை எழுதுவதற்குப் பதில் தின்றுகொண்டிருந்தது.

முதல் தோசையைத் தலைமை ஆசிரியைதான் வாங்கினார். பிய்த்தார். சட்னி தொடாமல் வாயில் போட்டார். திலகா தோசைக்கல்லை அளவுக்கு மீறித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சை எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆசிரியை மென்று விழுங்கினார். தட்டை நீட்டினார். "அக்கா, இன்னொண்ணு போடுங்க. பிள்ளைங்க வர்றதுக்குள்ள நான் சாப்பிட்டுடறேன்."

அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் பேச நேரமில்லை. ஒரு சின்னப் பெண், நெற்றியெல்லாம் திருநீறு, மூன்றாவது தடவை வந்து நின்றாள். "அங்கிள், நான் 'அ' எழுதிட்டேன். எனக்குப் பெருசா ஒண்ணு." பெரிதாக ஒன்று போட்டேன். ஒரு தட்டிலும் ஒருவரும் துப்பவில்லை. நான் எல்லாத் தட்டையும் எட்டிப் பார்த்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் ரேவதி பொட்டு வைத்த டூல் பேக்கோடு வாசலில் நின்றாள். நீலமும் சிவப்புமாக, பிரஷர் காட்டும் இரண்டு வட்டக் கேஜ்களை மாட்டினாள். நீலத்தில் முள் கீழே, சிவப்பில் முள் மேலே. "எல்லாம் நேத்துக் கை சொன்னதுதான்" என்றாள். போகும்போது சாக்பீஸால், சில்லருக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போட்டாள். அதைத் தாண்டிச் சாமி, பூசணி, வாழை, நான் யாரும் வரக் கூடாது. பொட்டு வேண்டுமானால் நெற்றியில் வைக்கலாம். அதாவது கதவுக்கு மேலே.

அன்று முழுவதும் நான் கவிதாவுக்குப் போன் செய்யவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"என்னப்பா, நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் போனே இல்ல? உடம்புக்கு ஏதும் முடியலையா? சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? கதவைப் பூட்டினீங்களா?"

ரேவதி சொன்னது சரிதான். அழிவதில்லை... இடம்தான் மாறுகிறது.